மேல் மூலை சாமிக்கு, கீழ் மூலை ஆபீஸுக்கு

எங்கள் குடும்பத்தில் அந்நாளில் எல்லோரும் நான் டாக்டர் என்று நம்பியிருந்தார்கள். பாளையங்கோட்டையில் என் கணவருடைய வீடு, சங்கரன்கோவிலில் நான் பிறந்த வீடு, இரண்டிலும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. சம்பந்திகள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. துபாயில் சுகாதாரத் துறையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றும், மலைப்பக்கம் போய் வருகிறேன் என்றும், அதற்கு வண்டி தந்திருக்கிறார்கள் என்றும் என் கணவர் ஊருக்குத் தெரிவித்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மலைக்குப் போய் நான் தொட்டுப் பார்ப்பது மீன்களை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். சொல்லியிருக்கவும் முடியாது. கார்த்திகை விரதத்தன்று வெங்காயம்கூடப் படியேறாத சைவக் குடும்பம் அது. நான் விலங்கியல் படித்ததையே, பெண் பார்க்க வந்தவர்களிடம் ‘ஏதோ சயின்ஸு’ என்று சொல்லித்தான் சமாளித்திருந்தார்கள்.

போன மாதம் என் மகள் என்னை ஒரு பெரிய மாலுக்கு அழைத்துப்போனாள். துபாய் கராமாவில் அவள் வீட்டிலிருந்து மெட்ரோ ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். போன பிறகு உள்ளே நடப்பதுதான் தூரம். வலிக்கும் காலுக்கு அங்கேயே ஒரு வைத்தியமும் வைத்திருந்தார்கள். கண்ணாடித் தொட்டி நிறைய விரல் நீள மீன்கள். பெஞ்சில் உட்கார்ந்து பாதங்களை உள்ளே விட்டால் அவை கூட்டமாக வந்து காய்ந்த தோலைக் கொறித்துத் தின்னும். ‘டாக்டர் மீன்’ என்று வாசலில் எழுதியிருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பட்டத்தை மீன்களைக் கொண்டு நானும் சம்பாதித்தவள் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாதங்களை விட்டதும், முன்பு என் கைகளில் உணர்ந்த அதே பழைய குறுகுறுப்பு. என்னை அறியாமல் குனிந்து, ஒரு மீனைக் கையால் ஒதுக்கி, அதன் வாலைப் பார்த்தேன். பிறகு அடுத்ததன் வாலை.

“அம்மா, கையை எடுங்க. டோன்ட் டச், ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க. என்ன தேடறீங்க?”

“யாராவது வெட்டியிருக்காங்களான்னு பாத்தேன்.”

என் மகள் என்னை ஒரு கணம் கவலையோடு பார்த்தாள். இந்த வயதில் தாயார் இப்படி ஒரு வாக்கியம் சொன்னால் யாருக்கும் கவலை வரும். மாலில் வைத்து முழுவதையும் அவளுக்குச் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம், உங்களுக்கு அவசரமில்லை.

அந்தக் கடையில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மருந்தின் நெடி ஒன்று இருந்தது. அதுதான் என்னை எங்கள் பழைய லேண்ட் ரோவரின் பின்னிருக்கையில் கொண்டுபோய் உட்கார்த்தியது. வலை கழுவும் ஃபார்மலின், டீசல், டிரைவர் மொய்து ஃபிளாஸ்கில் கொண்டுவரும் ஏலக்காய்ச் சாயா, மூன்றும் கலந்த நெடி. அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த துபாய் வாசனை ஒன்றே ஒன்று: சத்வாவில் எங்கள் ஒற்றை அறையில் ஓடிய ஏசியின் ஈர வாசனை. அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஏசி ஓடினால் பேசுவது கேட்காது. நின்றுவிட்டால் பேசவே தோன்றாது. என் கணவர் ஒரு கட்டடக் கம்பெனியில் டியூட்டிக்குப் போய்விடுவார். எங்களுடைய ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மளிகை மடித்து வந்த தாள்களை, உருதுவாக இருந்தாலும் பிரித்துப் பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதுகலை விலங்கியல் படித்தவள் ஒரு சுவரில் ஊரும் பல்லியை எவ்வளவு காலம் ஆராய முடியும் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை நான் தாண்டிக்கொண்டிருந்தபோதுதான் கொசு ஒழிப்பு அலுவலகத்தில் மழைக்காலத்துக்கு மட்டும் ஆள் தேவை என்று தெரியவந்தது.

அப்போது மலைப்பக்கத்துக் கிராமங்களில் மலேரியா இருந்தது. கிணறுகளிலும் தொட்டிகளிலும் கொசு முட்டையிடும். அதை ஒழிக்கும் வழியைப் பற்றி அலுவலகத்தில் இரண்டு கட்சிகள். தண்ணீரின் மேல் எண்ணெய் தெளிக்க வேண்டும் என்பது ஒன்று. மலையோடைகளில் தானாக வளரும் சிறு மீனைப் பிடித்துக் கிணற்றில் விட்டால் அது கொசுப் புழுவைத் தின்றுவிடும் என்பது மற்றொன்று. எண்ணெய்க் கட்சியில் ஆட்கள் நிறைய, லாரிகளும் இருந்தன. மீன் கட்சியின் தலைவரும் மொத்த உறுப்பினரும் டங்கன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நான் சேர்ந்ததும் கட்சி இரு மடங்கானது.

டங்கன் தம் நாட்டு ஆறுகளில் வருஷாவருஷம் சால்மன் மீன்களை எண்ணியவர். சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த அதே ஆற்றுக்கு எதிர்நீச்சல் போட்டுத் திரும்பும் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழைந்துவிடும். ஒரு கை நீளம் இருக்குமாம். அவர் கொண்டுவந்திருந்த வலை, தராசு எல்லாமே அந்த மீனுக்கு ஏற்றவை. வலையில் ஒரு கைக்குழந்தையைத் தாராளமாகக் கிடத்தலாம். முதல் நாள் அதை, மலைக்குள் நாங்கள் மீன் பிடிக்கும் குளத்தில் வீசி இழுத்தார். வலைக் கண்கள் வழியாக மீன்கள் ஒரு பதற்றமும் இல்லாமல் வெளியே போயின. கையால் ஒன்றைப் பிடித்துத் தராசில் தொங்கவிட்டார். முள் அசையவில்லை. மீனை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு தராசைத் தட்டினார்.

எனக்கும் மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை ஒன்று தந்தார், ஆறடி மனிதருக்குச் செய்தது. என் புடவை முழுவதையும் அதற்குள் திணித்துக்கொண்டு நான் நின்றபோது, மொய்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான்.

வலைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொசுவலைத் துணி வாங்கி, சத்வாவில் எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, பைபோலத் தைக்கச் சொன்னேன். பெஷாவர்க்காரர். துணியை அளந்து பார்த்துவிட்டு அவர் முகம் மலர்ந்தது. “தொட்டிலுக்கா? முபாரக், பெஹன்ஜி, முபாரக்” என்றார். மீனுக்கு என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “மீனைக் கொசு கடிக்குமா?” என்று கேட்டார். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த முபாரக் வாழ்த்தை வாங்கிக்கொள்ளவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் வீட்டுக்கு வந்தேன்.

குளத்து மீன் கிணறுகளுக்கெல்லாம் போதுமா என்று எண்ணிப் பார்ப்பது எங்கள் வேலை. ஓடுகிற மீனை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். ஒரு டின் நிறைய அரிசி இருக்கிறது. அதில் ஒரு பிடி கறுப்பு உளுந்தைப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு ஒரு கை அள்ளிப் பாருங்கள். கையில் உளுந்து நிறைய வந்தால் டின்னில் அரிசி குறைவு. ஒன்றிரண்டு வந்தால் அரிசி நிறைய. அவ்வளவுதான் விஞ்ஞானம். எங்களுக்கு உளுந்து என்பது, வாலின் மேல் மூலையைச் சின்னக் கத்தரியால் நறுக்கி விட்ட மீன். அதற்கு அது நாம் நகம் வெட்டிக்கொள்வது மாதிரி. சில மாதங்களில் வளர்ந்தும் விடும். மழை பெய்து ஓடைகளில் நீர் வந்ததும் ஜனவரியில் வெட்டி விடுவோம். வெயில் ஏறுவதற்குள் மார்ச்சில் மறுபடி பிடித்துப் பார்ப்போம்.

மழைக்கு மட்டும் ஆறாகி மற்ற நாட்களில் கூழாங்கல்லாகக் கிடக்கும் பள்ளத்தாக்கை அங்கே வாதி என்பார்கள். எங்கள் குளம் அப்படி ஒரு வாதியின் நடுவில், ஹஜர் மலைக்குள் இருந்தது. கிணறுகளுக்கு வேண்டிய மீன்களையெல்லாம் அதிலிருந்துதான் எடுத்தோம். மலையைப் பிளந்து சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். குளத்துக்குச் சற்று மேலே சாலைத் தொழிலாளர்களின் கேம்ப். பாதிக்கு மேல் ராமநாதபுரத்துக்காரர்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் எல்லோரும் குளத்துக்குக் குளிக்க வருவார்கள். அவர்களில் மூத்தவர் கருப்பையா, முதுகுளத்தூர்ப் பக்கம். சுகாதாரத் துறை வண்டியைப் பார்த்ததும் என்னை டாக்டரம்மா என்று தீர்மானித்துவிட்டார்.

“டாக்டரம்மா, இடுப்பு புடிச்சிருக்கு. ஒரு மாத்திரை குடுங்க.”

“நான் அந்த டாக்டர் இல்லண்ணே.”

“பின்ன எந்த டாக்டரு?” என்று கேட்டுவிட்டு, நான் செய்வதைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். “இத எதுக்கும்மா வெட்டி விடுறீக?”

“அடையாளத்துக்கு. அடுத்த தடவை வரும்போது இது திரும்பக் கைக்கு வருதான்னு பாக்கணும்.”

“வந்தா?”

“வந்தா நல்லது. நாங்க ஆபீஸ்ல கேட்டது கிடைக்கும்.”

“ஆபீஸ்ல கேட்டது கெடைக்குமா?”

“கிடைக்கும்.”

அவர் அதை இன்னொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். அதை நான் அறிவியல் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். ஆர்வத்தை வளர்ப்போமே என்று சால்மன் கதையையும் சொன்னேன். பிறந்த ஊரைத் தேடித் தானாகப் போய்விடும் மீன் என்றதும் அவர் பெருமூச்சு விட்டார்.

“அதுக்குக் கஃபீல் இல்ல போலருக்கு.”

கஃபீல் என்றால் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைத்திருக்கும் முதலாளி. லீவு வேண்டுமென்றால் அவர் மனம் வைக்க வேண்டும். கருப்பையா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அது இரண்டாவது பருவம். அந்த வருஷம் மார்ச் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி. எங்கள் எண்ணிக்கையை நேரில் பார்த்து, நம்பத்தக்கதாக இருந்தால் மீன் திட்டம் தொடரும். இல்லையென்றால் எல்லாக் கிணற்றுக்கும் எண்ணெய். டங்கனுக்கு அதில் மானப் பிரச்சினை. எனக்கு அந்தச் சுவர். திட்டம் நின்றால் மறுபடியும் ஏசியின் ஈர வாசனையில் உட்கார்ந்து பல்லியைப் பார்க்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்து அத்தை வந்து சேர்ந்தார்கள், என் மாமியார். மகனைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். வந்த இரண்டாம் நாளே உண்மைக் காரணம் வெளியே வந்தது.

“என்னட்டி, ஊரு ஒலகத்துக்கெல்லாம் வைத்தியம் பாக்குதே. ஒனக்குன்னு ஒரு வழி தெரியலையாக்கும்?”

அதைவிடச் சிக்கலான கேள்வி மாலையில் நான் வேலையிலிருந்து வந்ததும் எழுந்தது.

“ஒம்மேல என்னட்டி கவுச்சி அடிக்கு?”

“ஆஸ்பத்திரி மருந்தும்மா” என்றார் என் கணவர், நிமிராமலே.

“அப்பம் ஆஸ்பத்திரியில மீனா அவிச்சுக் குடுக்காவ?”

மார்ச்சில் குளத்தில் வலையை விட்டோம். எடுத்த முதல் மீனின் வாலில் மேல் மூலை இல்லை. டங்கன் மகிழ்ந்தார். இரண்டாவது மீனிலும் இல்லை. வரிசையாக எதிலுமே இல்லை. அவர் மகிழ்ச்சி மெல்ல வேறு ஏதோவாக மாறிற்று. டின்னிலிருந்து அள்ளிய கை முழுக்க உளுந்து! அப்படியானால் டின்னில் அரிசியே இல்லை என்றாகிறது. அதுகூடப் பரவாயில்லை. பிடித்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, ஜனவரியில் நாங்கள் வெட்டி விட்டதைக் காட்டிலும் வெட்டுப்பட்ட மீன்கள் அதிகமாக இருந்தன. நான் இரண்டு முறை எண்ணினேன். மொய்துவை வைத்து ஒரு முறை எண்ணினேன். அவர் எண்ணும்போது இன்னும் இரண்டு கூடின.

டங்கன் அன்று சாயாவும் குடிக்கவில்லை. வாலழுகல் நோயாக இருக்குமோ என்றார். நண்டு கடித்திருக்குமோ என்றார். அந்த வாதியில் நண்டே கிடையாது. திரும்பும் வழியில், தாய் மீனுக்கு வெட்டியது குஞ்சுக்கும் வந்திருக்குமோ என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். படித்த மனிதர் ஒருவர் அப்படிக் கேட்கும் நிலைக்கு வந்ததைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. இதை அந்த அதிகாரியிடம் காட்டினால் எண்ணெய் லாரிகள் அன்றைக்கே புறப்பட்டுவிடும்.

வரும் வெள்ளிக்கிழமையே இன்னொரு முறை போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அன்று பார்த்து என் கணவருக்கு சைட்டில் டியூட்டி. மொழி தெரியாத ஊரில் அத்தையைத் தனியே விட முடியாது. “ஒன் ஆஸ்பத்திரியத்தான் நானும் பாத்துட்டு வாரேனே” என்று சொல்லி, எலுமிச்சம்பழச் சாதத்தை டிபன் காரியரில் கட்டிக்கொண்டு அவர்கள் மொய்துவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியை அந்த வழியில் திடீரென்று எங்கேயிருந்து கொண்டுவருவது?

வண்டி குளத்துக்கு மேலே நின்றது. கீழே கேம்ப் முழுவதும் கூடியிருந்தது. எல்லோரும் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வரிசையில் நின்றிருந்தார்கள். தண்ணீருக்குள் கருப்பையா. துண்டை விரித்து ஒரு மீனை அள்ளினார். மீசை நறுக்கும் கத்தரியை எடுத்தார். வாலின் மேல் மூலையைத் துளியாக நறுக்கினார். மீனை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டு தண்ணீரில் விட்டார். கைகூப்பினார். பிறகு கத்தரியைக் கழுவி அடுத்தவரிடம் கொடுத்தார்.

டங்கன் தொப்பியைக் கழற்றினார். அத்தைக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை. பாபநாசத்தில் ஆற்றுமீனுக்குப் பொரி போட்டு வேண்டிக்கொள்ளும் ஊர்க்காரர்களுக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது? செருப்பைக் கழற்றிவிட்டு நேரே இறங்கிப் போனார்கள்.

“என்னய்யா, யாருக்கு நேர்ச்சை?”

“லீவுக்குத்தாம்மா” என்றார் கருப்பையா. “நெனச்சுக்கிட்டு வெட்டி விடணும். அதே மீனு திரும்பக் கையில வந்தா கேட்டது கெடைச்சிரும். செல்லத்துரை மீனு போன மாசம் அவன் துண்டுலயே வந்துச்சு. மறுநா லீவு சாங்சன்.”

“நல்ல சக்தியாத்தான் இருக்கு. இந்த வழக்கத்த யாரு சொன்னா?”

“நம்ம டாக்டரம்மாதான்.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அதற்குள் வெட்டுகளைச் சரிபார்க்கத் தண்ணீரில் இறங்கியிருந்த நான், மார்பு வரை ரப்பர் கால்சட்டையும், கையில் கொசுவலையும், அதில் துள்ளும் ஒரு மீனுமாக நின்றிருந்தேன். அத்தை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். பாளையங்கோட்டையில் எத்தனை வீடுகளில் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்களோ, அத்தனை வாசற்படிகளும் அந்தக் கண்களில் வந்து போயின.

“நீ மீனுக்கு டாக்டரா?”

“ஆமா அத்தை.”

“கொன்னுருவியளா?”

“இல்ல அத்தை. பாத்துட்டு விட்டுருவோம்.”

சற்று யோசித்தார்கள். “சரி. டாக்டர்னுதான சொன்னேன். யாருக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே” என்றார்கள். அத்துடன் அந்த வழக்கு தள்ளுபடியானது. இரண்டு பருவமாக நானும் என் கணவரும் சுமந்தது அவ்வளவு லேசானது என்று அதற்கு முன் தெரியாது.

நான் டங்கனுக்கு மொழிபெயர்த்தேன். நாங்கள் வந்துபோன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இது நடந்திருக்கிறது. குளத்தில் மீன் போதவில்லை என்று, மேலேயுள்ள குட்டைகளிலிருந்தும் பக்கெட்டில் கொண்டுவந்து வெட்டி விட்டிருக்கிறார்கள். டங்கன் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலை நிமிர்ந்தபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. “நிஜமாகவே லீவு கிடைத்ததா?” என்று மட்டும் கேட்டார்.

சிரித்து முடித்த பிறகும் அதிகாரி வருகிற நாள் அங்கேயேதான் இருந்தது. இனி வெட்ட வேண்டாம் என்று கருப்பையாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

“நிப்பாட்டச் சொல்லாதீகம்மா. பாதிப் பேரு மீனு இன்னும் வரல.”

“இது எங்க ஆபீஸ் அடையாளம்ணே. ரெண்டும் கலந்துபோச்சுன்னா எங்க வேலை போயிரும். நீங்க வேணா கீழ் மூலைய வெட்டுங்களேன்.”

வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கருப்பையா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சாமிக்குப் போயி கீழ் மூலையக் குடுக்க முடியுமாம்மா?”

தீர்ப்பு அத்தையிடமிருந்து வந்தது. “மேல் மூலை சாமிக்கு. கீழ் மூலை ஆபீஸுக்கு. ஆபீஸு என்னைக்கும் கீழதான். என்னப்பா, சரிதானே?”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பைக் கேட்டு டங்கனும் ஒப்புக்கொண்டார். மேல் மூலை எப்படியும் கெட்டுவிட்டது, புதிதாகத் தொடங்குவதுதான் வழி என்பது அவர் கணக்கு. இன்னும் ஒரு நிபந்தனையும் கேட்டார்: வெளிக்குட்டை மீன்களைக் கொண்டுவரக் கூடாது. அதற்கும் அத்தை, “அந்தந்தக் குட்டைக்கு அந்தந்தச் சாமி உண்டுல்லா” என்று கேம்பைச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். அன்று பகல் முழுவதும் அவர்கள் துண்டுகளாலும் நாங்கள் வலையாலும் பிடித்துப் பிடித்து, ஆபீஸுக்கான கீழ் மூலையை வெட்டி விட்டோம். சில மீன்களுக்கு இரண்டு மூலையும் போய் வால் வட்டமாகிவிட்டது.

புறப்படும் நேரத்தில் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார்கள். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்தக் கத்திரிய இங்கன குடு.”

வாழ்நாளில் மீனைத் தொட்டறியாத கை. நான் உள்ளங்கையில் மீனை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ சொல்லி, மூடிய கண்ணைத் திறக்காமலே நறுக்கினார்கள். வெட்டு கோணலாக விழுந்தது. மீன் போய்விட்டது. கையைக் குளத்தில் கழுவிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயங்களில் அது ஒன்று.

பெரிய அதிகாரி வந்தார். அவர் எதிரில் வலையை விட்டோம். கீழ் மூலை வெட்டியது இத்தனை, வெட்டாதது இத்தனை என்று நான் சொல்லச் சொல்ல டங்கன் கணக்கிட்டார். டின்னில் அரிசி ஏராளம். மேல் மூலையில் இருப்பது என்ன அடையாளம் என்று அதிகாரி கேட்டார். “அது வேறொரு துறையினுடையது” என்றார் டங்கன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கரையில் கேம்ப் ஆட்கள் சிலர், தங்கள் மீனாக இருக்குமோ என்று எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூரில் இவ்வளவு ஆர்வமா என்று அதிகாரி வியந்தார். திட்டம் தொடரலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

என் தட்டில் கடைசியாக இருந்த மீன்களில் ஒன்றுக்கு மேல் மூலை கோணலாக இருந்தது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். கோணலாக வெட்டியவர்கள் கேம்பிலும் பலர் உண்டு. மீசைக் கத்தரி அவ்வளவு கூர்மையில்லை. அதையும் சேர்த்தே சொன்னேன்.

“நான் வெட்டுனது எனக்குத் தெரியாதாக்கும்” என்றார்கள். பார்க்காத மீனை அவ்வளவு உறுதியாக அடையாளம் கண்டவர்கள் எங்கள் துறையில் யாரும் இல்லை. அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். தற்செயல் என்று நான் இன்றும் சொல்வேன். அத்தையிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

கருப்பையாவின் மீன் மட்டும் வரவே இல்லை. மீன் வராமலேயே, அந்தப் பருவம் முடிவதற்குள் லீவு வந்துவிட்டது. அதனால் அவருக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்தார், கையில் பெட்டி.

“மீனு வரலையேம்மா. போகலாமா?”

“போங்கண்ணே. வந்தா நான் பாத்துக்கிறேன்.”

போனார். திரும்பி வரவில்லை. ஊரிலேயே ஏதோ கடை வைத்துவிட்டதாக அந்தக் கேம்ப் ஆட்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகும் சில பருவங்கள் அந்தக் குளத்துக்குப் போனேன். சாலை முடிந்ததும் கேம்ப் கலைந்தது. மேல் மூலை வெட்டிய மீன்கள் குறைந்து, ஒரு வருஷம் ஒன்றுகூட இல்லை. வால் வளர்ந்துவிடும் என்று முன்பே சொன்னேன். கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணறுகளை மூடினார்கள். மீன் கட்சியும் எண்ணெய்க் கட்சியும் ஒரே நாளில் தோற்றன. டங்கன் தம் சால்மன்களிடம் போய்ச் சேர்ந்தார். புத்தாண்டு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தவர் ஒரு வருஷம் அனுப்பவில்லை. மொய்துவும் ஊரோடு போனார். குளம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தடுப்பணை. பாளையங்கோட்டையில் கடைசி வரை, “மருமவ டாக்டரு, யாருக்குன்னு மட்டும் கேக்காதீய” என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தை இல்லை. அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிக்கும் என் கணவரும் இல்லை.

“போலாமாம்மா? டைம் முடிஞ்சுது” என்றாள் மகள்.

இன்னும் இரண்டு மீன்கள் பாக்கி இருந்தன. அவற்றின் வாலையும் பார்த்துவிட்டுக் காலை எடுத்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று அந்தக் கரையில் நின்றவர்களில் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். அன்று ஒரு மீனின் கோணல் வாலில் மட்டும் இருந்தவள், தொட்டிக்குப் பக்கத்தில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.